குறையே வராத பழைய வெர்ஷன்

அன்பு மாப்பிள்ளை சோலைராஜ் அவர்களுக்கு,

ராஜபாளையத்திலிருந்து மச்சான் ஜெயபாண்டி எழுதிக்கொள்வது. இங்கே எல்லாரும் சுகம், அய்யனார் கோவில் அருவியில் தண்ணீர் விழுகிறது, தறிகளும் ஓடுகின்றன. அங்கே கோயம்புத்தூரில் நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் நன்றாக இருக்க வேண்டும்.

நம் பேண்டேஜ் பேக்டரியில் பில் போடுகிற புரோகிராமைப் பற்றித்தான் இந்தக் கடிதம். கல்யாணமான புதிதில் வேலை கிடைக்காமல் எங்கள் மாடி அறையில் உட்கார்ந்து நீங்கள் எழுதியது. அது எந்த மென்பொருளின் மேல் ஓடுகிறதோ அந்த வெர்ஷன் கிழடாகிவிட்டது, இனி இலவசமாகக் கவனிக்க மாட்டோம், வருஷா வருஷம் பணம் கட்டினால் பழையதையே பார்த்துக்கொள்கிறோம் என்று அந்த வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்கள் சொன்னபோது, புதிதாகவே எழுதித் தருகிறேன் என்றீர்கள். நான்தான் ஒற்றைக்காலில் நின்று பணத்தைக் கட்டினேன். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊரே உங்களைக் கேலி பேசிய நாளில் நீங்கள் செய்த வேலை அது. தூக்கிப்போட எனக்கு மனசு வராது.

கட்டி ஒரு வருஷம் ஆகிறது, ஒரு கோளாறுகூட வரவில்லை. காசு கொடுத்த சப்போர்ட் சும்மா கிடக்கிறதே என்று மனசு கேட்காமல் போன வாரம் போன் போட்டேன். இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்த பெண் இடையில் "செத்த லைன்ல இருங்க சார்" என்றது. நம் பக்கத்துப் பேச்சாக இருக்கிறதே, எந்த ஊரம்மா என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர், வீட்டிலிருந்தே வேலையாம், பெயர் ஹெப்சிபா. வெளிநாட்டுக்குக் கட்டிய பணத்துக்கு ஆள் அடுத்த ஊரில் இருக்கும்போது நான் சும்மா இருப்பேனா? மிக்சியை ரிப்பேருக்குக் கொண்டுபோகிற மாதிரி பில் புரோகிராம் ஓடுகிற என் அறைக் கம்ப்யூட்டரைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினேன், கண்டக்டர் அதற்கும் லக்கேஜ் டிக்கெட் கிழித்தார், அங்கே போனால் அந்த வீட்டில் என்னை டிவி மெக்கானிக் என்று நினைத்து நேரே டிவி முன்னால் உட்காரவைத்துவிட்டார்கள். மீட்டிங் முடிந்து வந்த பிள்ளை திகைத்துப்போய், இப்படியெல்லாம் நேரில் பார்க்கக் கம்பெனியில் அனுமதி இல்லை என்று சொல்லிக்கொண்டே ஒயரை மாட்டிப் பார்த்தது. "சார், இம்புட்டு சுத்தமா ஓடுற பழைய வெர்ஷன நான் பார்த்ததே இல்ல" என்றது. எனக்குப் பூரிப்பு தாங்கவில்லை. பால்கோவா வாங்கிவந்து தறிக்காரர்கள் எல்லாருக்கும் கொடுத்தேன், அந்தச் சந்தோஷத்திலேயே இன்னும் மூன்று வருஷத்துக்குச் சேர்த்துக் கட்டிவிட்டேன்.

ஆகவே மாப்பிள்ளை, புதிது என்ற பேச்சையே இனி எடுக்காதீர்கள். உங்களுக்கு என் வணக்கமும், தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் ஆசியும். ஆண்டாள் உங்களைக் குறைவில்லாமல் வைப்பாள்.

இப்படிக்கு,
மச்சான் ஜெயபாண்டி

பின்குறிப்பு: கவரை ஒட்டும்போது ஒரு சந்தேகம் வந்தது. கம்ப்யூட்டரை நான் தூக்கிக்கொண்டு அலைந்த அன்றைக்கு பில் எப்படிப் போட்டாய் என்று ஆபீஸ் பாண்டிசெல்வியைக் கேட்டேன். "பொங்கல்ல இருந்தே என் டேபிள்ல புதுசுலதான் போடுதேன் முதலாளி. உங்க மாப்பிள்ளைதான் எழுதிக் குடுத்தாக. சொன்னா வருத்தப்படுவீகன்னு பழசச் சும்மா ஓட விட்டிருக்கோம்" என்கிறாள். கொஞ்ச நேரம் கோபமாக இருந்தேன், பிறகு சிரிப்பு வந்துவிட்டது. போகட்டும். ஆனால் சப்போர்ட் பழையதற்கு மட்டும்தான் இருக்கிறது. புதிதில் கோளாறு வந்தால் நீங்கள்தான் தங்கச்சியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வந்தாக வேண்டும். வருகிற ஞாயிற்றுக்கிழமை அதில் ஒரு கோளாறு வரும்.