பனியனுக்குள் ஒரு ஆர்ட்டிசோக்

மொட்டு ஜினிஷாவின் கையோடு வந்துவிட்டது.

சத்தியமாக அவள் பறிக்கவில்லை. அம்மா அதற்குப் போட்டுவிட்டிருந்த பழைய பனியனைத் தூக்கி ஒரே ஒரு போட்டோ எடுக்கப் பார்த்தாள். பனியன் முள்ளில் மாட்டியது. இழுத்தாள். அவ்வளவுதான்.

அந்த வீட்டில் ஒன்பது மாதத்தில் காய்த்த ஒரே ஆர்ட்டிசோக் அது. மொட்டையே காய்போல வேகவைத்துத் தின்னும் இத்தாலிக்காரர் செடி. இத்தாலியில் மடத்தில் இருக்கும் அத்தை, சிஸ்டர் ஆன்சிலா, யார் கையிலோ விதை கொடுத்தனுப்பி, குளிர் இல்லாவிட்டால் மொட்டு வைக்காது என்று வாய்ஸ் மெசேஜும் போட்டிருந்தாள். கடற்கரையில் குளிருக்கு எங்கே போவது? அப்பா சிலுவைதாசன் மீன் வியாபாரி. அவர் பெட்டியில் மிஞ்சும் ஐஸை அம்மா ஞானசெல்வி காலையும் மாலையும் தொட்டியைச் சுற்றிக் கொட்டினாள். செடிக்குக் குளிர்ந்தது, கூடவே சாளை மீன் நாற்றமும் அடித்தது. தெருப் பூனைகள் அதன் காலடியிலேயே படுத்துக் கிடந்தன. மொட்டு வந்த அன்று, கண்பட்டுவிடும் என்று அம்மா பனியனைப் போட்டு மூடினாள். ஞாயிற்றுக்கிழமை லீவில் அத்தை வந்துதான் திறக்க வேண்டும் என்று உத்தரவு.

ஏனென்றால் எல்லாம் அத்தை கையில் இருந்தது. மூன்று வருசத்துக்கு முன் அவள் இத்தாலி போகிறாள் என்று ஊர் முழுக்க பிளெக்ஸ் வைத்து வழியனுப்பியிருந்தார்கள். பிளஸ் டூ முடித்ததும் ஜினிஷாவை இத்தாலிக்குக் கூட்டிப்போய் நர்சிங் படிக்க வைப்பதாக அவள் ஒருமுறை வாய்விட்டிருந்தாள். "அவளுக்க மனசு குளுந்தா நீ பிளேன் ஏறுவ. இல்லேன்னா இங்கின மீன் பெட்டி கழுவு," என்று அம்மா தினமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஜினிஷா போனைப் பார்த்து நாலு இத்தாலிய வார்த்தைகூடப் படித்து வைத்திருந்தாள்.

அன்று வெள்ளிக்கிழமை. இன்னும் இரண்டு நாள்.

முதலில் ஒரு தென்னை ஈர்க்கிலைக் குத்தி மொட்டைக் காம்பில் நிறுத்திப் பார்த்தாள். அது குடிகாரன் தலை மாதிரித் தொங்கியது. சரி, வாடாமலாவது இருக்கட்டும் என்று ஒரு பிளாஸ்டிக் கவரில் சுற்றி, அப்பாவின் ஐஸ் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்தாள். ஞாயிறு காலையில் எடுத்துக்கொள்ளலாம்.

சனிக்கிழமை விடிவதற்குள் பெட்டி துறைக்குப் போய்விட்டது. மத்தியானம் அப்பா வந்ததும் பெட்டிக்குள் தலையை விட்டுத் தேடினாள். ஐஸ் தண்ணீர்தான் இருந்தது.

"என்னத்தைத் தேடுக?"

"ஒண்ணுமில்லப்பா. பெட்டிக்குள்ள வேற ஏதும் கிடந்தா?"

"ஆமா, கவருக்குள்ள ஒரு முள்ளு உருண்டை கிடந்து. ஏதோ கடல் சாதனம், கவரோட வலையில மாட்டி வந்திருக்கும்னு தண்ணியில விட்டேன். உசுரு இருந்தா பொழைச்சு போட்டும்."

அழுதால் காரணம் கேட்பார்கள் என்று ஜினிஷா வீட்டுக்குப் பின்னால் ஓடினாள்.

பின்பக்கத்து மரத்தில் பிஞ்சு சீத்தாக்காய் ஒன்று இருந்தது. பச்சையாக, செதில் செதிலாக, பனியனுக்குள் போட்டால் அளவும் சரியாக இருந்தது. தூண்டில் நரம்பால் காம்பில் கட்டினாள். இரவு முழுக்கத் தூக்கமில்லை.

ஞாயிறு பூசை முடிந்து அத்தை வந்தாள். கூடவே பிரிஜா என்று ஒரு இளம் சிஸ்டரும் வந்திருந்தாள். ஜினிஷா கைகட்டி நின்று, "போன் ஜோர்னோ, அத்தே," என்று இத்தாலிய மொழியில் வணக்கம் சொன்னாள். அத்தை ஒரு நொடி திகைத்து, அவள் நெற்றியில் சிலுவை போட்டாள்.

அம்மா பாதித் தெருவைக் கூட்டி வைத்திருந்தாள். கத்தரிக்கோலை அத்தையிடம் நீட்டியபோது ஜினிஷா நடுவில் பாய்ந்தாள்.

"முள்ளு குத்தும், அத்தே. நானே பறிச்சு சமைச்சுத் தாறேன்."

தின்ற தட்டைக் கழுவாத பிள்ளை இப்படிச் சொன்னதும் அம்மாவுக்குக் கண் கலங்கியது. அத்தை ஏனோ உடனே ஒத்துக்கொண்டாள். பிள்ளை ஆசைப்படுகிறாள், செய்யட்டும் என்று கத்தரிக்கோலையும் கொடுத்துவிட்டாள்.

ஜினிஷா பனியனோடு அறுத்துக்கொண்டு ஓடி, அடுக்களைக் கதவைச் சாத்தினாள். தோலைச் சீவினாள். விதையைத் தோண்டி எறிந்தாள். எலுமிச்சை பிழிந்து வேகவைத்து, நல்லமிளகும் தேங்காயெண்ணெயும் தாராளமாக விட்டாள். நிறம் கறுத்தது. அது ஒரு வகையில் நல்லதுதான்.

தட்டைப் பார்த்த அம்மாவின் முகம் சுருங்கியது.

"இதழு எங்கட்டி? இதழை ஒவ்வொண்ணா பிச்சு, பல்லால சுரண்டித் திங்கணும்னு அத்தை சொன்னாவல்லா?"

ஜினிஷா அவசரமாக இன்னும் கொஞ்சம் நல்லமிளகைத் தூவினாள்.

"பிஞ்சுல இதழு காணாது, மைனி," என்றாள் அத்தை.

பிறகு ஒரு துண்டை வாயில் போட்டாள். தெருவே அவள் தாடையைப் பார்த்துக்கொண்டிருந்தது. அத்தை மென்றாள். கண்ணை மூடினாள். ரொம்ப நேரம் கழித்து விழுங்கினாள்.

"எப்படி, அங்க உள்ள ருசி இருக்கா?" என்றார் அப்பா.

"அதே ருசி, அண்ணே. மண்ணு வேறல்லா, கொஞ்சம் துவர்ப்பு. வேற ஒண்ணுமில்ல."

அம்மா மிச்சத்தையும் அவள் தட்டிலேயே தள்ளினாள். அத்தை ஒரு துண்டு விடாமல் தின்று, இரண்டு செம்பு தண்ணீர் குடித்தாள்.

ஜினிஷாவால் தாங்க முடியவில்லை. இத்தனை நல்ல மனுசியை ஏமாற்றி இத்தாலிக்குப் போனால் பிளேன் பாதியில் விழுந்துவிடும் என்று தோன்றியது. கிணற்றடியில் கை கழுவிக்கொண்டிருந்த சிஸ்டர் பிரிஜாவிடம் போய், பனியன், ஐஸ் பெட்டி, கடல், சீத்தாக்காய் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"அத்தையிட்ட நீங்களே சொல்லிருங்க சிஸ்டர். எனக்குப் பயமா இருக்கு. இனி என்னைய இத்தாலிக்குக் கூட்டிட்டுப் போவாவளா?"

சிஸ்டர் பிரிஜா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அப்புறம் வீட்டுப் பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் காதருகே குனிந்தாள்.

"விசா வரும் முன்னே நீங்க ஊரு முழுக்க பிளெக்ஸ் வச்சுட்டிய, பாவம் சிஸ்டர் என்ன செய்வாவ, மூணு வருசமா திண்டுக்கல்லு மடத்துல எனக்க பக்கத்துக் கட்டில்ல தான் மக்கா கிடக்காவ."