அனல் மரபும் பின்னறையும்

“வீட்ல கேட்டா எதுவும் கிடைக்காதுப்பா. அறிவிச்சிடணும்.”

பாதியில் நின்றுபோன லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்ட இரண்டு பேரில் ஒருவர் மற்றவரிடம் சொன்னது இது. மேல்தளத்தில் குனிந்து கதவை நெம்பிக்கொண்டிருந்த லிஃப்ட் மெக்கானிக்கின் காதில் அது தெளிவாக விழுந்தது. எல்லோருக்கும் அசரீரி மேலிருந்து வரும். அவனுக்குக் கீழிருந்து வந்தது.

அவன் வீட்டில் ஒரு பின்னறை காலியாகியிருந்தது. அவனுக்கு அது வேண்டும். கம்ப்யூட்டரில் அவன் விளையாடும் மாயச் சண்டை விளையாட்டைப் பற்றி வாராவாரம் இணையத்தில் பேசச் சொல்லி நண்பர்கள் கேட்டிருந்தார்கள். பேச, சாத்திக்கொள்ள ஒரு கதவு வேண்டாமா? பேச்சுப் பயிற்சி கொடுக்கும் அவன் மனைவிக்கும் அதே அறை வேண்டும். பேச்சு வராத குழந்தைகளை வீட்டிலேயே பார்க்கலாம் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. இரண்டு பேருக்கும் இது தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்கவில்லை.

அன்று மாலை அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவன் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“பின்னறையை நான் எடுத்துக்கறேன். முடிவு பண்ணிட்டேன்.”

“எதுக்குங்க?”

அவ்வளவுதான். கேள்வியைக் கேட்டுவிட்டு, எதிரில் இருப்பவர் பேசும்வரை அசையாமல் காத்திருப்பது அவள் தொழில். அவன் தொழிலிலோ சத்தம் நின்றால் ஏதோ பழுதாகிவிட்டது என்று அர்த்தம். உடனே சரிபண்ணக் கிளம்பினான்.

“அந்த விளையாட்டுல மந்திரச் சண்டைக்கு மூணு மரபு இருக்கும்மா. அதை ஒப்பிட்டுப் பேசப்போறேன். அனல்காரங்க முதல்ல அடிச்சிடுவாங்க. எதிராளி கண்ணைத் திறக்கறதுக்குள்ள சாம்பல். ஆடிக்காரங்க, கண்ணாடி மாதிரி, நீ விட்ட அடியை உனக்கே திருப்பிடுவாங்க. மூணாவது மௌனக்காரங்க. சுத்தச் சோம்பேறிங்க. வட்டம் போட்டு நடுவுல உட்கார்ந்துடுவாங்க.”

“அப்புறம் எப்படி ஜெயிக்கறாங்க?”

“அவங்க எங்க ஜெயிக்கறாங்க? எதிர்ல நிக்கறவன் பொறுமையில்லாம மந்திரமா போட்டுத் தள்ளுவான். சக்தி தீர்ந்து தானா விழுவான். அதெல்லாம் ஒரு சண்டையா? என் ஓட்டு அனலுக்குத்தான்.”

அவள் ஒரு துண்டை எடுத்தாள். நான்காக மடித்தாள்.

“உன் வேலை முக்கியமில்லன்னு நான் சொல்லல.”

இன்னொரு துண்டு.

“ஹால்ல வச்சுப் பார்க்கலாம்தான். ஆனா தெருச் சத்தம் மொத்தமும் அங்கதான் வருது. குழந்தைக்குக் கவனம் நிக்காது.”

ஒரு தலையணை உறை.

“பின்னறை ஜன்னல் சந்து பக்கம். ஒரு சத்தம் வராது. பேசப் பழகற குழந்தைக்கு அதைவிடத் தோதான இடம்...”

தன் வாயிலிருந்து என்ன வந்தது என்று அவனுக்கே அப்போதுதான் கேட்டது. பதறிப்போய் மிச்சமிருந்த அனலையெல்லாம் திரட்டினான்.

“எனக்கும் ஒரு இடம் வேணும்ல?”

“கண்டிப்பா வேணும்ங்க. எங்க?”

மறுபடியும் அந்தக் காத்திருப்பு. சுவர்க்கடிகாரம் மட்டும் பேசியது. அவன் ஹாலைப் பார்த்தான், மேற்கூரையைப் பார்த்தான், கடைசியில் செருப்பைக் கழற்றினான்.

“கட்டிலுக்குப் பக்கத்துல ஒரு மேசை போட்டா போதும். நான் வாரத்துல ஒருநாள்தானே பேசப்போறேன்.”

“நீங்களே சொல்றீங்க. அப்போ சரி.” அவள் முகம் மலர்ந்துவிட்டது. அதை மறைக்கவும் இல்லை. “திங்கட்கிழமை ஒரு சின்னப் பொண்ணு வரா. இதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசினதில்ல. நான் பேச வச்சிடுவேங்க.”

“நீ வச்சிடுவ,” என்றான் அவன். அதில் அவனுக்குச் சந்தேகமே இல்லை.

“உங்க பேச்சை நானும் உட்கார்ந்து கேக்கறேன். அந்த மூணாவது ஆளுங்களை மட்டும் கொஞ்சம் மரியாதையாச் சொல்லுங்க.”

மறுநாள் காலை அவன் பின்னறைக் கதவைக் கழற்றி, இரைச்சல் புகாதபடி விளிம்பு முழுக்க ரப்பர் பட்டை ஒட்டி, சின்னக் கைக்கு எட்டுகிற உயரத்தில் கைப்பிடியை இறக்கி மாட்டினான்.