ஓடையோரத்து இருபது புதர்கள்

"கொட்டை கிளையில இருக்கற வரைக்கும் கடவுளுக்கு, சாக்குல விழுந்தா சொந்தக்காரனுக்கு, நடுவுல..." பெரியப்பா மூன்றாவதாக யாரையோ சொல்வார். ஜெர்மனியில் இருபது வருஷம் பஸ் ஓட்டியதில் ருஸ்தெமுக்கு அது மறந்துபோயிருந்தது.

நினைவிருந்த இரண்டே போதும் என்று, ஊர் திரும்பி, ஹேசல்நட் கொட்டைக்குப் பேர்போன துருக்கியின் கிரேசுன் மலைச்சரிவில் தன் முதல் பறிப்பில் இறங்கினார். கூடவே ஒரு மகா தீர்மானம்: விலை ஏறும்வரை அத்தனையும் களஞ்சியத்தில். அடுப்படிக்கு ஒரு கொட்டைகூடக் கிடையாது.

"அடுத்த மாசம் தங்கச்சி மக நிச்சயதார்த்தம். நாலு தட்டு பக்லாவா இனிப்பு செய்யறேன்னு வாக்குக் குடுத்திருக்கேன்," என்றாள் மனைவி நாஜியே.

"வால்நட் போடு."

"கிரேசுன்காரி வால்நட் போட்டா மாப்பிள்ளை வீட்டுல சிரிப்பாங்க."

"நல்ல காரியத்துல நாலு பேர் சிரிச்சா நல்லதுதானே?"

நாஜியே எழுந்து கூடைகளை எண்ணப் போனாள். ருஸ்தெம் அதை வெற்றி என்று எடுத்துக்கொண்டார்.

ஒன்பது நாள் பறிப்பு. அவர் முற்றத்தில் கொட்டையைக் காயப்போட்டு, மேகம் வந்தால் தார்ப்பாயை மூடுவதும் போனால் விலக்குவதுமாக இருந்தார். தோட்டத்தில் ஆட்களை மேய்த்தது நாஜியே. ஒன்பதாம் நாள் ஓடிவந்தாள்.

"பக்கத்துத் தோட்டம் ஷாகிர் முடிக்கப்போறானாம்! இந்த வருஷமும் அவன்தான் ஊர்ல முதலா?"

"நம்மளுது?"

"முடிஞ்ச மாதிரிதான். போய்ச் சொல்லுங்க, போங்க!"

டீக்கடை நாற்காலியில் ஏறி நின்று, "எங்க தோட்டம் முடிஞ்சுது!" என்று ருஸ்தெம் முழங்கினார். ஷாகிரே எழுந்துவந்து கைகுலுக்கினான்.

மறுநாள் காலை நாஜியேயும் நாலு பெண்களும் முதுகில் கூடையோடு கிளம்பினார்கள்.

"எங்க?"

"உதிரி பொறுக்க. முடிஞ்சுதுன்னு சொன்ன தோட்டத்துல மிச்சமெல்லாம் பொறுக்கறவங்களுக்கு. ஊர் வழக்கம்."

"பொறுக்கு, பொறுக்கு. பத்துக் கொட்டை தேறும்."

மதியத்துக்குள் மூன்று சாக்கு தேறியது. ருஸ்தெம் சரிவில் விழுந்தடித்து இறங்கிப் பார்த்தார். ஓடையோரத்து இருபது புதர்களில் ஒன்றைக்கூட அந்த ஒன்பது நாளில் யாரும் தொட்டிருக்கவில்லை. பாதிக் கிளைகள் இன்னும் பாரம் தாங்காமல் தரையில் கிடந்தன.

"அடிப்பாவி, இது திருட்டு!"

"டீக்கடையில போய்ச் சொல்லுங்களேன். முடியாத தோட்டத்தை முடிஞ்சுதுன்னு சொல்லிட்டேன், ஷாகிர், நீதான் முதல்னு."

பெரியப்பா சொன்ன அந்த மூன்றாவது ஆள் இப்போதுதான் ருஸ்தெமுக்கு நினைவுக்கு வந்தார்: நடுவுல பொறுக்கறவனுக்கு.

"இன்னும் பத்துப் புதர் இருக்கு, ஆள் பத்தல," என்றாள் நாஜியே, கொஞ்சம் இரக்கத்தோடு. "பொறுக்கறவங்களுக்குத் தனியா ஒரு தட்டு பக்லாவா உண்டு."

மறுநாள் விடிந்ததும் ருஸ்தெம் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு, தன் தோட்டத்தில் மனைவிக்கு உதிரி பொறுக்கப் போனார்.