ஒரு கல்லீரலும் நான்கு விடைகளும்

"ஒரு புக்குல 'ஆ'ன்னு போட்டிருக்கு. இன்னொரு புக்குல 'இ'ன்னு போட்டிருக்கு. நான் எதைப்பா எழுதறது?"

மகள் இரண்டு புத்தகங்களையும் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தாள். மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் அறுபத்திரண்டு நாள் இருந்தது.

இதில் கொடுமை என்னவென்றால், அந்த இரண்டாவது புத்தகத்தை யாருமே கேட்கவில்லை. மூன்று மாதமாக ஒரே புத்தகத்தை வைத்துக்கொண்டு அவள் பாட்டுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். அப்பாவின் அலுவலகத்தில் யாரோ ஒருவர், "ஒரே ஒரு புக்கா? அடப்பாவமே!" என்றார். அந்த அடப்பாவமே மாலையில் அவரைப் புத்தகக் கடைக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டது. சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த கதை.

கேள்வி கல்லீரலைப் பற்றியது. இரண்டு புத்தகத்திலும் எழுத்துக்கு எழுத்து அதே கேள்வி, அதே நான்கு விடைகள். எது சரி என்பதில் மட்டும் ஆளுக்கொரு கட்சி.

அப்பா குடிநீர் வாரியத்தில் மீட்டர் கணக்கெடுப்பவர். இருபத்து மூன்று வருட அனுபவம். ஒரு வீட்டு மீட்டர் மேல் சந்தேகம் வந்தால், பக்கத்திலேயே இன்னொரு மீட்டரைப் பொருத்தி ஒரு வாரம் ஓடவிடுவார்கள். அதற்குச் சோதனை மீட்டர் என்று பெயர். எது பொய் சொல்கிறது என்று அதில் தெரிந்துவிடும். உலகத்தில் எந்தச் சிக்கலுக்கும் இதே வைத்தியம்தான் என்பது அவருடைய நம்பிக்கை.

"கவலைப்படாதேம்மா. மூணாவதா ஒன்னு வாங்கிட்டு வரேன். அது எதோட ஒத்துப்போகுதோ அதுதான் சரி."

"மூணாவது வேற ஒன்னைச் சொன்னா?" என்றாள் அம்மா, அடுப்பைப் பார்த்தபடி. அவள் அதே வாரியத்தில் புகார்ப் பிரிவில் தொலைபேசி எடுப்பவள். அடுத்து எது கெடும் என்று அவளுக்கு முன்கூட்டியே தெரியும்.

"அதெப்படிச் சொல்லும்?"

மூன்றாவது புத்தகம் 'அ' என்று சொன்னது.

அப்பா அதைத் தூக்கிக்கொண்டு மறுபடியும் கடைக்கு ஓடினார். கடைக்காரர் ஏணியில் நின்று தூசி தட்டிக்கொண்டிருந்தார்.

"மூணுல எதுங்க சரியான விடை சொல்லுது?"

"மூணுமே நல்லா போகுது சார்."

"போறது இருக்கட்டுங்க. விடை எதுல சரியா இருக்கு?"

"விடை எல்லாத்துலயும் கடைசிப் பக்கத்துல இருக்கும் சார்."

அப்பாவின் முகத்தைப் பார்த்து அவருக்கே இரக்கம் வந்திருக்க வேண்டும். கீழே இறங்கி, செங்கல் கனத்தில் ஒன்றை எடுத்து நீட்டினார். 'பிற வழிகாட்டிகளின் பிழைகள் அனைத்தும் நீக்கப்பட்டன' என்று அட்டையிலேயே போட்டிருந்தது. அப்பாவுக்கு உயிர் வந்தது.

வீட்டில் மூன்று பேருமாக அதைப் புரட்டினார்கள். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கல்லீரல் கேள்விக்கு நேரே, 'இக்கேள்வியே தவறானது' என்று இருந்தது. அப்பாடா என்று மூச்சுவிட்ட நேரத்தில் உள்ளேயிருந்து ஒரு துண்டுச் சீட்டு விழுந்தது. மகள் எடுத்துப் படித்தாள்.

"'வருந்துகிறோம். இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் தவறானது என்பதைச் சரியானது என்று திருத்திப் படிக்கவும்.'"

அம்மா, "அப்போ விடை 'ஈ'யா இருக்குமோ? அது ஒன்னுதான் பாக்கி," என்றாள்.

மறுநாள் அப்பா இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். கல்லீரலில் கோளாறு என்றால் மற்ற உறுப்புகள் மட்டும் ஒழுங்காகவா இருக்கும்? நான்கு புத்தகங்களையும் வரிசையாக விரித்து, முதல் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தார். ஒத்துவராத கேள்விகளை ஒரு நோட்டில் எழுதினார். தகராறு நோட்டு என்று அதற்குப் பெயரும் வைத்தார். இரண்டாம் நாள் மாலை அதில் அறுபத்து மூன்று தகராறுகள் சேர்ந்திருந்தன.

அதைப் போய் மகளிடம் காட்டியதுதான் அவர் செய்த பெரிய தப்பு. மகள் நோட்டை ஒருமுறை புரட்டினாள். முகம் சுண்டிப்போயிற்று.

"இதுல பாதி நான் மனப்பாடம் பண்ணினதுப்பா."

"அதனால என்னம்மா, சரியானதைக் கண்டுபிடிச்சு..."

"கண்டுபிடிச்சிட்டுச் சொல்லுங்க. அதுவரைக்கும் நான் படிக்கல. தப்பைப் படிச்சிட்டா அப்புறம் மண்டையிலேருந்து எப்படி எடுக்கறது?"

அறைக் கதவு மூடிக்கொண்டது. முணுமுணுவென்று வாய்விட்டுப் படிப்பது அவள் வழக்கம். மூன்று மாதமாக அந்தச் சத்தம் வீட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. ஓடும்போது அதை யாரும் கவனித்ததில்லை. இப்போது நின்றுபோனதும் அப்பாவுக்குப் பகீரென்றது. நல்லது செய்யப் போய்ப் பிள்ளையின் வாயை அடைத்துவிட்டோமே என்று நொந்துகொண்டார்.

பாக்கி நாள் அறுபது ஆனது, ஐம்பத்தாறு ஆனது. மகள் அலமாரித் துணிகளை நிறவாரியாக அடுக்கினாள். பிறகு நகத்தைக் கடித்தாள். பிறகு கடிக்க நகம் இல்லாமல் போனது.

அது ஐம்பத்து நான்கு ஆன அன்று அப்பா ஒரு முடிவுக்கு வந்தார். எல்லாவற்றுக்கும் காரணம் அந்த ஒற்றைக் கேள்வி. கண்ணில் படாவிட்டால் கவலையும் இருக்காது. முதல் புத்தகத்தை எடுத்து, பிளேடால் அந்தக் கேள்வியை நறுவிசாக வெட்டி எடுத்தார்.

"இந்தா பாரு, கல்லீரலே கிடையாது. இனிமே நிம்மதியாப் படி."

மகள் புத்தகத்தை வாங்கிப் பக்கத்தைத் திருப்பினாள். அங்கே சன்னல் மாதிரி ஒரு ஓட்டை இருந்தது. அதன் வழியாக அப்பாவைப் பார்த்தாள்.

"அப்பா, பின்பக்கத்துல சிறுநீரகப் படம் இருந்துச்சு. கல்லீரலை எடுக்கறேன்னு சிறுநீரகத்தையும் எடுத்துட்டீங்க."

அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் குழாயைத் திறந்துவிட்டாள். மகள் சிரிக்கவில்லை. கண் கலங்கியிருந்தது. "எனக்குச் சீட்டே கிடைக்காதுப்பா," என்றாள், மெதுவாக. அப்பாவுக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அன்றைக்கு வெட்டிய துண்டை ஒட்டவைக்கும்போதுதான் அட்டையைச் சரியாகப் பார்த்தார். எழுதியவர் பெயரை எங்கோ பார்த்த மாதிரி இருந்தது. எங்கே? மீட்டர் பட்டியலில்! மூன்றாம் தெரு, கடைசி வீடு. மாதாமாதம் அவர் போய்க் குனிந்து எண் எடுக்கும் வீடு. வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்திருக்கிறார்!

காலையில், மகள் மனம் மாறி எடுத்தாலும் எடுப்பாள் என்று முதல் புத்தகத்தை மேசையில் வைத்துவிட்டு, மற்ற மூன்றையும் தகராறு நோட்டையும் மீட்டர் பையில் திணித்துக்கொண்டு போய் அந்த வீட்டு அழைப்பு மணியை அடித்தார். வீட்டம்மாள் எட்டிப் பார்த்து, "மீட்டர் வெளியிலதானே இருக்கு?" என்றார்.

"இன்னிக்கு மீட்டருக்கு வரலீங்க. கல்லீரலுக்கு வந்திருக்கேன்."

அட்டையில் ஸ்டெதாஸ்கோப் மாட்டிக்கொண்டு சிரித்தவர், நேரில் பத்து வயது கூடுதலாக, கசங்கிய சட்டையில் உட்கார்ந்திருந்தார். அப்பா ஒரே மூச்சில் எல்லாவற்றையும் கொட்டினார். "எட்டு நாளா எம்பொண்ணு புக்கைத் தொடல சார்."

நூலாசிரியர் கேள்வியைப் பார்த்தார். "'ஆ'தான். சந்தேகமே வேண்டாம்," என்றார். ஒரு காகிதத்தில் கல்லீரலை வரைந்து, அம்புக்குறியெல்லாம் போட்டுக் கால் மணி நேரம் விளக்கினார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனால் அந்தக் குரலில் இருந்த உறுதி அவருக்குப் போதும்.

"மத்த மூணையும் பரண்ல தூக்கிப் போடுங்க. என்னோட புக்கு ஒன்னு போதும். கண்ணை மூடிக்கிட்டுப் படிக்கச் சொல்லுங்க."

"கண்ணை மூடிக்கிட்டா சார்?"

"பேச்சுக்குச் சொன்னேன்." அவர் பார்வை நோட்டின் மேல் விழுந்தது. "நாலையும் முழுசா ஒத்துப் பாத்தீங்களா? ஒவ்வொரு கேள்வியுமா? குடுங்க பாக்கலாம்."

தகராறு நோட்டை வாங்கி, ஒவ்வொரு பக்கமாக வெகுநேரம் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். அப்பா எழுந்து கும்பிடாத குறையாக விடைபெற்றார்.

வாசலுக்கு வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்குத் தொலைபேசினார்.

"முதல் புக்கையே எடுத்துப் படிம்மா. அதுதான் சரி. எழுதினவரே சொல்லிட்டாரு."

"நிஜமாவாப்பா?"

"சத்தியமா. அது ஒன்னு போதுமாம்."

அந்தப் பக்கம் நாற்காலி இழுபட்டது. தாள் புரண்டது. கொஞ்ச நேரத்தில் முணுமுணுவென்று அந்தச் சத்தம் ஆரம்பித்தது. அப்பா தொலைபேசியைக் காதிலேயே வைத்துக்கொண்டு தெருவில் நின்றார். இன்னும் ஐம்பத்து மூன்று நாள் இருக்கிறது, சமாளித்துவிடலாம் என்று தோன்றியது.

"ஏங்க, மீட்டர் சார்! கொஞ்சம் நில்லுங்க!"

நூலாசிரியரின் மனைவி செருப்புக்கூடப் போடாமல் ஓடி வந்தார். வீட்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்:

"எங்க பையனும் இந்த வருஷம்தான் பரீட்சை எழுதறான்; நாலையும் ஒத்துப் பாத்தவரு நீங்க ஒருத்தர்தானாம், அவனுக்கு எந்த புக்கு வாங்கலாம்னு உங்ககிட்ட கேட்டுட்டு வரச் சொன்னாரு."