சின்ன ர, பெரிய ற

“சின்ன ரவா, பெரிய றவா?”

முகம் கழுவிவிட்டுக் காருக்குத் திரும்பிய வல்லினம் கேட்டார். கையில் போனோடு நின்ற மனைவி மகளை ஒருதரம் பார்த்துக்கொண்டாள்.

“பெரிய றங்க. பையனோட அப்பா மலை உச்சிக்குப் போயிட்டாராம். உங்களையும் ஏறி வரச் சொல்றார்.”

வல்லினத்துக்குப் புல்லரித்தது. கல்யாணமான நாளிலிருந்து அந்த வாயில் ஒரு றகரம் உருப்படியாக வந்ததில்லை. “கரி ரெடி” என்பாள். “கரியை அடுப்புல போடு” என்று இவர் எழுந்து போய்விடுவார். இன்றைக்கு, இந்தக் குளிரில், நாக்கு மேலண்ணத்தில் அழுந்தி அப்படியொரு ‘ஏறி’!

அச்சகத்தில் பிழைதிருத்துவது அவர் வேலை. வல்லினம் என்று அங்கே வைத்த பட்டப்பெயரை அவர் பாராட்டு என்றே நினைத்துக்கொண்டிருந்தார். அச்சகத்தோடு நின்றிருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. மகளுக்கு வந்த வரன்களையும் அல்லவா அவர் திருத்த உட்கார்ந்தார்? ஒருவன் பழத்தைப் பளம் என்றான், போனான். இன்னொருவன் வாழ்க்கையை வாள்க்கை என்றான், அவனும் போனான். கடைசியில் மகளே ஒருவனைப் பார்த்துக்கொண்டாள். தண்ணீர் மோட்டார் விற்பவன், தங்கமான பையன். இவன் இல்லையென்றால் கல்யாணமே வேண்டாம் என்று தீர்மானமாகச் சொல்லிவிட்டாள்.

“முதல்ல பேசட்டும். என் காதுல கேட்டுட்டுத்தான் பதில்” என்றார் வல்லினம். இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற இந்த மலையேரிக்கு வந்து பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடானது.

மனைவிக்கு முழங்கால் வலி. மகள் அம்மாவுக்குத் துணை. ஆக, மலை ஏறவேண்டிய பாக்கியம் வல்லினத்துக்கு மட்டும் வாய்த்தது. மரியாதை தெரிந்தவன் சம்பந்தியாகப் போகிறவனை இப்படி உச்சிக்கு இழுப்பானா? திட்டிக்கொண்டே நடந்தார். முதல் திருப்பத்தில் ‘ஏரும் வழி’ என்று ஒரு பலகை. வயிறு எரிந்தது. ஏர் பூட்டி உழவா வந்திருக்கிறோம்? கல்லால் சுரண்டிப் பார்த்தார், நகம்தான் போயிற்று.

உச்சியில் ஈ காக்கை இல்லை. மேகம் மட்டும் முகத்தில் வந்து மோதியது. அது விலகியபோது, சுற்றிலும் மலைகள் நிற்க, நடுவே அந்தச் சின்ன ஏரி பச்சையாகக் கிடந்தது. வேறு ஆளாயிருந்தால் ஒரு நிமிஷம் மனசு குளிர்ந்திருக்கும். இவர் கண்ணில் பட்டது, தன் காருக்குப் பக்கத்தில் நின்ற இன்னொரு கார்தான். புள்ளி புள்ளியாகச் சிலர் உட்கார்ந்து எதையோ சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் இங்கே மூச்சு வாங்குகிறேன், எவனோ அங்கே விருந்து சாப்பிடுகிறான் என்று அதற்கும் ஒரு பொருமல்.

மனைவிக்குப் போன் போட்டார்.

“ஐயோ, அவங்க எறங்கிட்டாங்களாம். ஏரிக்கு அந்தக் கரையில இருக்காங்களாம்.”

“எந்த ர?”

“சின்ன ரங்க. தண்ணி இருக்கற ஏரி.”

அதுவும் அச்சில் வார்த்த மாதிரி இருந்தது. காது சொன்னதைக் கால் கேட்டது. சறுக்கிச் சறுக்கி அந்தக் கரைக்கு இறங்கினார். அங்கேயும் ஒருவரும் இல்லை. ஒரு படகுக்காரர் தன் படகுக்குத் தார் பூசிக்கொண்டிருந்தார். பக்கத்தில் தண்ணீருக்குள் நட்ட ஒரு பலகை: ‘ஏறியில் இரங்காதீர்கள்.’

இதற்கு மேல் மனுஷன் எப்படித் தாங்குவான்? எங்கே சின்ன ர வேண்டுமோ அங்கே பெரிய ற, எங்கே பெரிய ற வேண்டுமோ அங்கே சின்ன ர!

“இரங்கறதுன்னா பரிதாபப்படறது, தெரியுமா? ஏரியைப் பாத்து யாருய்யா பரிதாபப்பட்டா?”

“எழுதினவங்களைக் கேளுங்க சார். இதுவரைக்கும் யாரும் எறங்கலை. அது போதும் எனக்கு” என்றார் படகுக்காரர், தலையைத் தூக்காமலே.

வல்லினம் தார்ச்சட்டியையும் தூரிகையையும் பிடுங்கிக்கொண்டு படகின் விளிம்பில் கால் வைத்தார். பலகையில் முதல் பிழையைத் தொட்டார். படகு நகர்ந்தது. யாரும் இறங்காத ஏரியில் வல்லினம் இறங்கினார்.

துடுப்பை நீட்டித்தான் இழுத்துப் போட வேண்டியிருந்தது. போன் செத்துப்போனது. தாரும் சேறுமாக, தேடினது போதும் என்று காரை நோக்கி நடந்தார். மனசுக்குள் ஒரே வசனம்: இந்தச் சம்பந்தம் வேண்டாம், வேண்டவே வேண்டாம்.

காருக்குப் பக்கத்தில் அந்த இன்னொரு கார் அப்படியே நின்றது. சாப்பிட்டு முடித்த தட்டுகளுக்கு நடுவே மனைவியும் மகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். கூட இருந்த பெரியவர் எழுந்து ஓடிவந்து கட்டிக்கொண்டார்.

“வாங்க சம்பந்தி! மலைன்னா உங்களுக்கு உசுராமே, ஏரின்னா அதுக்கும் மேலயாமே! ஆசை தீரப் பாத்துட்டு வரட்டும், தொந்தரவு பண்ணாதீங்கன்னு தங்கச்சி சொல்லிட்டாங்க. நாங்க வந்ததுலேர்ந்து இங்கேயேதான் இருக்கோம்.”

பையன் தன் கோட்டைக் கழற்றி அவர் தோளில் போர்த்தினான். “மளையில நனைஞ்சுட்டீங்களா மாமா?”

மளை! வல்லினம் வெகுண்டு மகளைப் பார்த்தார். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்கெல்லாம் இரங்குகிற ஆளா அவர்? ‘சரியில்லை’ என்று சொல்ல வாயைத் திறந்தார்.

“சரி…” என்பதோடு பல்லெல்லாம் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. மீதி வெளியே வரவில்லை.

அந்த ஒரு சொல்லுக்காகவே காத்திருந்த மாதிரி எல்லோரும் கைதட்டினார்கள். அவர் பல்லை அடக்குவதற்குள் மகள் விரலில் மோதிரம் ஏறிவிட்டது. பெரிய ற.

நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் வல்லினம் மனைவி பக்கம் திரும்பினார். “எல்லாம் உன்னால வந்தது. இவங்க ஏரின்னாங்களா ஏறின்னாங்களா, என்னன்னே உன் காதுல விழலை. இத்தனை வருஷமாச் சொல்லிக் குடுத்தும் உனக்கு அந்த ரெண்டு எழுத்து வரலை.”

கார்களைப் பார்த்துக்கொள்ளும் காவலாளி துண்டை நீட்டியபடி குறுக்கே வந்தார்.

“அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க சார். காலைல நீங்க முகம் கழுவப் போனப்ப, பாப்பா சொல்லிக் குடுக்கக் குடுக்க ‘ஏறி, ஏரி, ஏறி, ஏரி’ன்னு எம்மாம் நேரம் மனப்பாடம் பண்ணினாங்க தெரியுமா?”