சரிகை ஃப்யூஸ்

மின்சாரப் பொறியியல் படிக்கிற பையன்களுக்கு அந்தப் படிப்பு என்ன தரவேண்டும் என்று யாராவது கேட்டால், பட்டம் வாங்கிய கையோடு நான் ஸ்ரீரங்கத்தில் பெண் பார்க்கப் போன கதையைச் சொல்லிவிடுவேன். (மானம் போகும். போனால் போகட்டும், புதிதாகப் போக ஒன்றும் மிச்சமில்லை.)

நாற்பதுகளின் தொடக்கம். எஞ்சினீயர் மாப்பிள்ளைக்குத் தனி மவுசு. லால்குடியிலிருந்து அப்பா அம்மாவோடு, சரிகை அங்கவஸ்திரம் சகிதம் போய் இறங்கினேன். உத்தர வீதியில் பெண் வீடு. அப்போதுதான் கரண்ட் இழுத்திருந்தார்கள். பெண் கூடத்துக்கு வந்து தலை நிமிர்ந்தாள். பட்டென்று விளக்கு அணைந்தது. நான் பார்த்தது மூக்குத்தியை மட்டும்தான்.

"ஃப்யூஸ் போயிருக்கும். வயர்மேனுக்குச் சொல்லி அனுப்பறேன்" என்றார் பெண்ணின் அப்பா.

"வயர்மேன் எதுக்கு ஸ்வாமி? எஞ்சினீயரே உட்கார்ந்திண்டிருக்கானே!" என்றார் என் அப்பா.

மேட்டூரிலிருந்து திருச்சிக்கு மின்சாரம் எப்படி வருகிறது என்று பலகை நிறைய எழுதிக் காட்டுவேன். கூடத்திலிருந்து சமையலறைக்கு எப்படிப் போகிறது என்று தெரியாது. ஃப்யூஸைத் தொட்டதுகூட இல்லை. இருந்தாலும் அகல் வெளிச்சத்தில் கழற்றிப் பார்த்தேன். கம்பி உருகியிருந்தது. மாற்றுக் கம்பிக்கு எங்கே போவது? வெள்ளியைவிட நன்றாக மின்சாரம் கடத்தும் உலோகம் கிடையாது என்று புத்தகத்தில் படித்திருந்தேன். அங்கவஸ்திரக் கரையிலிருந்து அசல் வெள்ளிச் சரிகையை உருவி, தடிமனாக முறுக்கினேன்.

இருட்டிலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "பழசு ஏன் போச்சுன்னு பார்த்தேளா?"

"அதெல்லாம் அவசியமில்லை" என்றேன். (பட்டதாரி அல்லவா!)

மாட்டினேன். விளக்கு மங்கலாக எரிந்தது. அப்பா எல்லோரையும் பெருமையாக ஒரு பார்வை பார்த்தார். அதற்குள் சுவர் நெடுக வயர் புகைய ஆரம்பித்தது. எங்கோ கோளாறு இருந்ததால்தான் பழைய கம்பி உருகி வீட்டைக் காப்பாற்றியிருக்கிறது. என் சரிகையோ உருகமாட்டேன் என்று நின்றது. மெயின் ஸ்விட்ச் எங்கே என்று தெரியாமல் நான் விழிக்க, பெண்ணே ஓடிவந்து அணைத்தாள். பட்டுப்புடவைகளும் பஞ்சகச்சங்களும் இருமிக்கொண்டே தெருவுக்கு ஓடின. சொஜ்ஜி உள்ளேயே நின்றுபோனது.

"காலேஜ்ல என்னதான் படிச்சேள்?" என்றார் பெண்ணின் அப்பா.

"தெரியலை மாமா" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. முகம் சரியாகப் பார்க்காத அந்தப் பெண்ணையே கட்டிக்கொள்ளவேண்டும் என்று அப்போதுதான் ஆசை பிறந்திருந்தது.

அவர் மறுத்துவிட்டார். பெண் விடவில்லையாம். "தெரியலைன்னு வாய்விட்டுச் சொல்றாரே அப்பா, கத்துக்கொடுத்துக்கலாம்" என்றாளாம். கல்யாணம் நடந்தது, மாமனாரின் கண்டிப்பான உத்தரவுப்படி முழுக்க முழுக்க காஸ் லைட்டில்.

பிற்பாடு என் மகனும் அதே படிப்பில் சேர்ந்தான். கிளம்புகிற அன்று, "எது போனாலும் மாத்தறதுக்கு முன்னாடி ஏன் போச்சுன்னு கேளுடா, படிப்புன்னா அதுதான்" என்று உபதேசம் செய்தேன்.

"அதுக்கு எதுக்குடா காலேஜ்?" என்றாள் என் மனைவி. "ஒரு தடவை பொண்ணு பார்க்கப் போயிட்டு வா, போதும்!"