தாட்சாயிணியின் பிலிம்

“பொண்ணு பிலிம்ல கீது!”

பக்கத்து வீட்டுக் கோவிந்தராஜ் பெருமையாகச் சொன்னதும், மகனுக்குப் பெண் பார்க்க வந்திருந்த நாகேந்திரனின் காபி தம்ளர் வாய்க்குப் போகும் வழியிலேயே நின்றது.

தொண்ணூற்று நாலாம் வருஷம், ஆவடி பீரங்கித் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். பெண்ணின் அப்பா மனோகரனுக்கு வியர்த்துவிட்டது. திருமழிசையிலிருந்து வந்திருக்கும் நல்ல இடம். மகளைப் போலவே பையனுக்கும் பெங்களூரில்தான் வேலை. மகள் தாட்சாயிணி இன்னும் உள்ளறையிலிருந்து வரவே இல்லை.

“சினிமா இல்லீங்க, ஆராய்ச்சி,” என்றார் மனோகரன் அவசரமாக. “இந்த பிலிம் தலைமுடியைவிட மெல்லிசான படிகப் பூச்சு. அதை லேசரால அடிக்கிறா.”

“அடிக்கிறாங்களா?” நாகேந்திரன் கவலையோடு தன் மகன் உலகநாதனைப் பார்த்தார்.

“மெதுவாத்தாங்க. அடிச்சா உள்ள ஒரு சத்தம் கிளம்பும். யார் காதுக்கும் கேக்காது.”

“பொண்ணுக்கு மட்டும் கேக்குதா?”

கோவிந்தராஜ் உதவிக்கு வந்தார். “கேக்கும் நைனா! ராவும் பகலும் அத்தத்தான் கேட்டுகினு கீது!”

“அடப்பாவமே. திருவேற்காட்டுல வேப்பிலை அடிச்சுப் பாத்தீங்களா?”

மனைவி பத்மா ஓடிவந்து மனோகரனின் காதைக் கடித்தாள். “டீச்சர் வேலைன்னு சொல்லித் தொலைங்க!”

மனோகரன் வாயைத் திறந்தார். பொய் வரவில்லை. எழுந்து நின்றார்.

“ஐயா, நான் பேக்டரில இரும்பு வார்ப்பைச் சுத்தியால தட்டி, சத்தத்தை வச்சு விரிசல் கண்டுபிடிக்கிறவன். எம்பொண்ணு வெளிச்சத்தால தட்டறா. கண்ணிமைக்கிற நேரத்தை லட்சம் கோடியா நறுக்கினா ஒரு துண்டு வருமே, அவ்வளவுதான் அந்த வெளிச்சத்துக்கு ஆயுசு. அது தட்டின அதிர்வு பூச்சோட அடிவரைக்கும் போய்த் திரும்பும். பின்னாலயே இன்னொரு வெளிச்சத்தை அனுப்பி அந்த நடுக்கத்தைப் பாத்துடுவா. எவ்வளவு கனம், எங்க சரியா ஒட்டலை, எல்லாம் சொல்லிடுவா. இதைச் செய்யறவங்க நாட்டுல கொஞ்சம் பேருதான். அதுல ஒருத்தி இந்தக் குவார்ட்டர்ஸ் பொண்ணு. பிடிச்சா பாருங்க, இல்லேன்னா காபியைக் குடிச்சிட்டுக் கிளம்புங்க.”

பத்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். மனோகரன் நெஞ்சை நிமிர்த்தியபடியே நின்றார்.

நாகேந்திரன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பையனின் அம்மா வடிவு, சிரிப்பை அடக்க முடியாமல் கணவரைத் தோளில் இடித்தாள்.

“போதும் உங்க நடிப்பு! டேய் உலகு, பந்தயத்துல நீதான் தோத்த. ‘எங்கப்பா என் வேலையை யாருக்காகவும் மறைக்கமாட்டாரு’ன்னு, லேப்ல உன் பக்கத்து மேசைல உக்காந்துகினு தாட்சாயிணி அப்பவே சொல்லிச்சுல்ல?”